பால்குடம் என் தலையில், சோறு உன் தட்டில்

அம்மன் துணை

பெக்கான் நானாஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அண்ணன் பெற்ற ரத்தினமும், மீரி கடற்கரையின் மணலைத் தினமும் ஓடி ஓடித் தேய்த்துக்கொண்டிருப்பவளும், நாளைய மலேசியப் போலீஸின் நடுநாயகமுமாகிய செல்வி லோஷினிக்கு, அன்னாசித் தோட்டங்கள் நாலாபுறமும் காவல் நிற்கும் பெக்கான் நானாஸ் பட்டணத்தின் முடிசூடாத மன்னனும், தொழிற்சாலைப் பஸ் ஓட்டுநர்களின் தளபதியும், உன் சொந்தச் சித்தப்பனுமாகிய வீரமுத்து ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பா, அம்மா, சித்தி, சமையற்கட்டுப் பூனை எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போனில் நீ சொல்கிற சௌக்கியத்தை இனி நம்புவதில்லை என்று இந்த அரசவை தீர்மானம் போட்டுவிட்டதால் கேட்காமலே மேலே போகிறேன். ஏன் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ ஓகே சித்தப்பா, சரி சித்தப்பா, வேலை இருக்கு சித்தப்பா என்று மூன்றே சித்தப்பாவில் என் கதையை முடித்துவிடுகிறாய். காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஊர்ச் செய்தி முதலில். மழை பிடித்துக்கொண்டது, வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாயில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் கப்பல் விடலாம் போலிருக்கிறது. பழம் இந்த வருஷம் ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு இருக்கிறது, இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் பார்க்கிறவர்கள் இரட்டைப் பிள்ளையா என்று கேட்கிறார்கள். ஸ்கூடாய் சாலை நெரிசல் பற்றிக் கேட்காதே, காலையில் அங்கே பஸ்ஸோடு மாட்டிக்கொள்கிற ஒருவன் அதே இடத்தில் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றுப் பேரனுக்குக் காதும் குத்திவிடலாம். உன் அப்பா வழக்கம்போல விடிவதற்கு முன் சிங்கப்பூர் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்பி, சோற்றில் கை வைத்தபடியே தூங்குகிறார். உன் சித்தி யோகேஸ்வரி, இப்படி ஒரு புருஷன் கிடைத்ததற்கு எந்தப் பிறவியில் என்ன தப்பு செய்தேனோ என்று அன்றாடம் யோசிக்கிறாள், இன்னும் விடை கிடைக்கவில்லை.

இனி விஷயம். போன மாதம் உன் அறைத்தோழி ஜெனிஃபர் என்னைக் கூப்பிட்டது உனக்குத் தெரியும், அதற்காக அவளோடு நீ இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். பாவம் அந்தப் பெண். பாக்சிக் ஜாங்கான் மாரா, கோபப்படாதீங்க மாமா என்று மலாயில் ஆரம்பித்தவள், நீ கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது தலை சுற்றி மண்ணில் உட்கார்ந்ததையும், ஐஸ் விற்கிறவர் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தால் வேண்டாம் விரதம் என்று கையால் தள்ளியதையும், ஒரு நாளைக்கு ஒரு வேளை பருப்புச் சோற்றோடு சரி என்பதையும் அழுகையும் மூச்சுமாகச் சொன்னாள். அப்போது பஸ்ஸைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்தியிருந்தேன். என் இதயம் நழுவி, பஸ்ஸின் அடித்தகட்டை உடைத்துக்கொண்டு, சாலையில் உருண்டு பொந்தியான் வரைக்கும் போய்விட்டது, பின்னாலேயே ஓடிப் போய்ப் பிடித்து வந்து மாட்டிக்கொண்டேன். உடனே உன்னைக் கூப்பிட்டுச் சாப்பிடு என்றேன். நீ என்ன சொன்னாய், அம்மா வேண்டிக்கிட்டது சித்தப்பா, அம்மா சொல்லட்டும் சாப்பிடறேன், நீங்க சொன்னா முடியாது. அதோடு போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இங்கே நடந்த மகாயுத்தம் உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

போன வருஷப் போலீஸ் தேர்வை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. உயரம் அளந்தார்கள், சரி. கண் பார்த்தார்கள், புள்ளிப் புத்தகத்தில் ஒளிந்திருந்த எண்களை எல்லாம் பருந்து மாதிரிப் படித்தாய். முட்டி இடிக்கிறதா, பாதம் தட்டையா என்று பார்த்தார்கள், குறை இல்லை. அப்புறம் தராசில் ஏறினாய். எடை பார்த்த அம்மா முள்ளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், திரும்ப முள்ளைப் பார்த்தார், இந்த உயரத்துக்கு இந்த எடை போதாது மா, அடுத்த தடவை வா என்று அனுப்பிவிட்டார். மைதானத்தில் மற்ற பெண்கள் ஓடுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாயே, அவர்களில் பாதிப் பேரைப் பின்பக்கமாக ஓடியே நீ முந்தியிருப்பாய். ஓடுவதற்குத்தான் விடவில்லை. அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் உன் துக்கத்தைப் போக்க நான் ஓர் அரிய யோசனை சொன்னேன், அடுத்த முறை தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டுகளைக் கொண்டைக்குள் வைத்துப் பின்னிக்கொண்டு தராசில் ஏறு, மயிரைப் பிரித்தா பார்க்கப் போகிறார்கள் என்று. நீ சிரிக்கவில்லை. போலீசாகப் போறவ போலீசையே ஏமாத்தவா சித்தப்பா என்று கேட்டாய். மகளே, அன்றைக்கே உனக்கு மனசுக்குள் சல்யூட் அடித்துவிட்டேன். மனசில் அடித்ததால் என் தொந்தி இடிக்கவில்லை.

அந்த வாரமே அண்ணி, அதாவது உன் அம்மா, நேரே அம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றி, அடுத்த வருஷம் திருவிழாவுக்கு என் மகள் ஒரு மண்டலம் ஒரு பொழுது இருந்து பால்குடம் எடுப்பாள், அவளைத் தேற்றிக் கொடு தாயே என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். கேட்டவர்கள் எல்லோரும் பக்தியோடு தலையாட்டினோம். நான் ஆட்டினேன், உன் அப்பா ஆட்டினார், உன் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு எடை வேண்டும் என்று கேட்டுவிட்டு, அந்த எடையையே காணிக்கையாக எழுதிக் கொடுக்கிறோமே என்று இந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. உலகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன, இந்தக் காரியத்தை நம் குடும்பத்தால் மட்டும்தான் இவ்வளவு சிரத்தையாகச் செய்ய முடியும். போதாததற்குத் தேர்வுக்கு அழைப்பு வந்தது, திருவிழா முடிந்த கையோடு தேர்வு. நீயோ அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை, கடல் தாண்டி மீரியில் வேலையில் இருந்தாலும் இம்மி பிசகாமல் ஆரம்பித்துவிட்டாய்.

ஜெனிஃபர் கூப்பிட்ட அன்று ராத்திரி அண்ணியிடம் போனேன். சமையற்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நீ மயங்கியதைச் சொன்னேன். கீரையை உருவிய கை நின்றது, முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனாலும் வாய் இளகவில்லை. சாமி காரியத்துல வாய் வைக்காதீங்க தம்பி, பாதியில விட்டா அந்தப் பாவம் யாரை அடிக்கும், பிள்ளையத்தான் அடிக்கும், எனக்கு வேற பிள்ளை இருக்கா என்றார். தராசு அவளை அடிக்காதா அண்ணி என்றேன். அதுக்குத்தானே வேண்டியிருக்கேன், அம்மா பார்த்துக்குவா என்றார். இதற்கு மேல் உலகத்தில் எந்த வக்கீலாலும் வாதாட முடியாது. உன் அப்பாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் கதவோரம் நின்று, நீயே பேசுடா, நான் குளிச்சிட்டு வர்றேன் என்று போனவர்தான், கிணறு வெட்டி அதில் தண்ணீர் ஊறும் வரைக்கும் குளித்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் மகளே, பிறகுதான் கவனித்தேன். அன்றைக்கு மட்டுமில்லை, நீ ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணியும் ஒரு பொழுதுதான். பிள்ளை அங்கே பசியோடு இருக்கும்போது தன் வாயில் எப்படிச் சோறு இறங்கும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவரைப் பிடிவாதக்காரி என்று நினைக்காதே. பயம், அவ்வளவுதான்.

மறுநாள் பூசாரியிடம் போனேன். அவர் கோயில் வாசலில் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார், கையில் ஸ்பேனர். நடந்ததைச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டவர், பிள்ளைக்கு முடியலைன்னா அம்மன் என்ன வட்டிக்கடைக்காரியா தம்பி, இதுவரைக்கும் அது இருந்தது சேர்ந்தாச்சு, மிச்சத்தை வீட்டில ஒருத்தர் எடுத்துக்கலாம், பால்குடமும் அவங்களே தூக்கலாம், ஆனா வேண்டிக்கிட்டவங்களே வந்து சந்நிதியில நின்னு சொல்லணும், எடுக்கிறவரும் ஒழுங்கா இருக்கணும் என்றார். அண்ணி எடுத்துக்கொள்ளலாமே என்று பார்த்தால், அவர் ஏற்கெனவே இருக்கிறார், முழங்கால் வலி வேறு, குடத்தோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. உன் அப்பாவுக்குச் சிங்கப்பூர் ஷிப்ட்டில் லீவு கிடையாது. உன் சித்திக்குச் சர்க்கரை. மிஞ்சியது யார். மாபெரும் தொந்தியோடு, வெயிலில் நின்றால் நாலு பேருக்கு நிழல் கொடுக்கும் இந்த வீரமுத்து.

வீட்டுக்கு வந்து சபையைக் கூட்டி, மிச்ச விரதத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மார்பில் கை வைத்து அறிவித்தேன். நீ மயங்கிய செய்தி வந்த பிறகு முதல்முறையாக அண்ணி சிரித்தார். சிரிப்பு என்றால் கொஞ்சமா, உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீங்களா தம்பி, காலையில ரெண்டு நாசி லெமாக், பத்து மணிக்கு ரொட்டி சானாய், மத்தியானத்துக்கு வாத்துக் கறி, நீங்களா என்றார். உன் சித்தி தன் பங்குக்கு, இவர் ஒரு பொழுதுன்னா ஒரு பொழுது முழுக்கச் சாப்பிடுவாரு அக்கா என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உண்மையான ரோஷம். நான் இருந்து காட்டினால் கோயிலில் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உங்க வாயை நம்ப மாட்டேன் தம்பி, தராசை நம்பறேன், வாராவாரம் எடை பார்க்கணும், இறங்கிச்சுன்னா வர்றேன் என்றார். பார்த்தாயா, உன்னைத் தராசு ஏறச் சொல்கிறது, என்னைத் தராசு இறங்கச் சொல்கிறது.

கிளினிக் தராசு எனக்குப் போதாது என்பது ஒரு பக்கம், அங்கே போனால் டாக்டர் வேறு பிடித்துக்கொள்வார் என்பது இன்னொரு பக்கம். ஆகவே பழம் சேகரிக்கிற கொட்டகையில், லோரியில் ஏற்றும் முன் அன்னாசியை நிறுக்கிற பெரிய மேடைத் தராசில் வெள்ளிக்கிழமை தோறும் ஏறினேன். அங்கே நிறுவை பார்க்கிற அங்கம்மாவை உனக்குத் தெரியும், கொட்டகையில் அவள் போடுகிற சத்தத்தில் பழம் தானாகவே பழுக்கும். முதல் வெள்ளி நான் ஏறினதும், இறங்குங்கண்ணே லா, இது கவர்மெண்டு சீல் வெச்ச தராசு, ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது என்றாள். அண்ணி பக்கத்திலேயே நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் நான் பட்ட பாட்டை வர்ணிக்க ஆயிரம் நாக்கு வேண்டும், ஆயிரமும் பசியோடு இருக்கும் என்பதுதான் சிக்கல். தொழிற்சாலை வாசலில் நாசி லெமாக் விற்கிற மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, நான் இரண்டு நாள் வராததைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார். சம்பல் வாசனை வராமல் இருக்கப் பஸ் ஜன்னல்களை எல்லாம் சாத்திக்கொண்டு உள்ளே வெந்தேன். கனவில் ஒரு வாத்து வந்து, ஏன்யா என்னைக் கைவிட்டாய் என்று கேட்டது. இரண்டாம் வெள்ளி முள் இறங்கியிருந்தது. அங்கம்மா, பழம் காயுதே என்றாள். மூன்றாம் வெள்ளி இன்னும் இறங்கியது. அங்கம்மா என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, அண்ணே ஏதும் சீக்கா என்று கேட்டாள். அங்கம்மா குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இல்லம்மா, எங்க லோஷினி போலீசில சேரணும் என்றேன். போலீசு மாத்தா வேலைக்கு அது போவுது, நீங்க ஏன் எளைக்கிறீங்க என்றாள். அவளுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

இந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டு ஒன்று எழுதுகிறேன். ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுப் படி ஏறும்போது கால் தளர்ந்து பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நான் நாள் முழுக்க உட்கார்ந்து பஸ் ஓட்டுகிறவன், உடம்பில் சேர்த்து வைத்திருப்பவன். நீ வேலைக்கும் போய், சாயங்காலம் ஓடி, தண்டால் எடுத்து, கயிறு தாண்டி, ஒட்டின வயிற்றோடு இதையும் தாங்கியிருக்கிறாய், அதுவும் யாரும் பார்க்காத ஊரில், ஒரு நாள் கூட ஏமாற்றாமல். அந்த உறுதியை வேறு எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்க வேண்டும் என்றுதான் அந்தப் படியில் உட்கார்ந்தபடி நினைத்தேன். விரதத்தில் வைத்தது போதும். இனி தட்டில் வை.

மூன்றாவது நிறுவை முடிந்து கொட்டகையிலிருந்து நேரே கோயிலுக்கு நடந்தார் அண்ணி. நான் பின்னால் போனேன். சந்நிதியில் நின்று சூடம் ஏற்றினார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ நம்ப வேண்டும் என்பதற்காக ஒரு சொல்லையும் நான் ஊதிப் பெருக்கவில்லை. அம்மா, நான் உங்கிட்ட கேட்டது என் பிள்ளைக்கு ஒடம்பு, தெரியாம அது வயித்தையே கட்டிட்டேன், அவ இருந்தது வரைக்கும் ஏத்துக்க, மிச்சம் எங்க தம்பி இருப்பாரு, கொடமும் அவரே தூக்குவாரு, அவ சாப்பிடட்டும். அவ்வளவுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு, இவர் நடுவுல ஏமாத்தினா இவரையே கேளு, பிள்ளைய ஒண்ணும் பண்ணாதே என்று சேர்த்துக்கொண்டார். பூசாரி விபூதியை என் நெற்றியில் பூசினபோது, குழாய்க்கு ஸ்பேனர் வைத்த அதே அழுத்தத்தோடு பூசினார்.

ஆகவே மகளே, உன் விரதம் முடிந்தது. அம்மா சொல்லட்டும் என்றாய், சொல்லிவிட்டார். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் வீணாக்க ஒரு நாளும் இல்லை. இதைப் படித்த வேளையிலிருந்து காலையில் முட்டை, பால், மத்தியானம் கறியோ மீனோ வைத்து வயிறு நிறையச் சோறு, ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், ஓடி முடித்துக் கச்சான் கடலை, இரவும் பட்டினி கிடக்காதே. ஒரேயடியாக விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, இத்தனை நாள் சுருங்கின குடல், மெல்ல மெல்ல ஏற்று. எடை கூட்டுகிற பவுடர் என்று போனில் எவனாவது விற்றால் தொடாதே, மெடிக்கலில் மூத்திரமும் ரத்தமும் பார்க்கிறார்கள், அதில் என்ன கலந்திருக்கிறானோ. தேர்வு அன்று காலையில் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்து எடை காட்டலாம் என்று யாராவது சொன்னால், நானே சொன்னாலும், கேட்காதே, அந்த வயிற்றோடு ஓட முடியாது. ஈயக்குண்டு யோசனையை நான் அதிகாரபூர்வமாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்காதே, கண் வேண்டும். ஜெனிஃபரோடு சமாதானம் பண்ணிக்கொள், அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. இந்தத் தடவை நீ தராசில் ஏறி இறங்கி மைதானத்துக்குள் போகிறாய். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பது நான் மட்டும். விரதத்தில் இளைத்துப்போய் நின்றாலும் என் கைதட்டல் தீமோர் லாவுட் வரைக்கும் கேட்கும், பள்ளிக்கூட மேப்பில் பார்த்த அந்தத் தீவு இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கும் அவ்வளவுதான்.

அண்ணி ஏன் தானே போன் செய்து சொல்லவில்லை என்று கேட்பாய். வெள்ளியிலிருந்து எத்தனையோ முறை போனை எடுத்தார், எடுத்து வைத்தார். நீங்கதானே மா சொன்னீங்க என்று நீ ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தாங்க மாட்டார் போலிருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வருகிறது. அதில் சத்துமாவு, நெய், கச்சான் உருண்டை எல்லாம் இருக்கின்றன, அவை சித்தியின் கைங்கரியம். கண்ணாடிப் போத்தலில் சிவப்பாக இருப்பதுதான் முக்கியம். அது நெத்திலிச் சம்பல். விரதம் தொடங்கியதிலிருந்து முட்டை வாசனை கூட அண்டாத அந்தச் சமையற்கட்டில், நேற்று காலையில் அண்ணி ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துவிட்டு, நெத்திலியை வறுத்து, மிளகாய் அரைத்து, கெடாமல் இருக்க எண்ணெய் பிரியும் வரைக்கும் கிண்டித் தன் கையாலேயே செய்து முடித்தார். பிறகு குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார். அவர் வாயால் சொல்ல முடியாததை அந்தப் போத்தல் சொல்கிறது என்று வைத்துக்கொள்.

எல்லா அம்மன்களும் உன் பக்கம் நிற்கட்டும். தீர்க்காயுசோடும், சரியான எடையோடும், எஃகு முழங்காலோடும், நல்ல பேரோடும் நீ இருக்க வேண்டும், முதல் நாள் சீருடையில் எடுத்த படத்தை எனக்கு அனுப்ப வேண்டும், உன் சித்திக்கு அனுப்பாமல் எனக்கு முதலில்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. அந்தச் சம்பலுக்கு உப்பு பார்க்க வீட்டில் ஆளில்லை. அண்ணி விரதம், நான் விரதம், சித்தி அன்றைக்கு வெள்ளெனவே லாயாங் லாயாங்கில் ஒரு சடங்குக்குப் போய்விட்டாள், உன் அப்பா சிங்கப்பூரில். என்னிடம் நீட்டினார், நான் கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்டேன். அளவு தெரியாமல் போட்டுவிட்டேனே, கரிச்சுப் போயிருந்தா பிள்ளை சாப்பிடாதே என்று நேற்றிலிருந்து புலம்புகிறார். கூடவா குறையவா, நீதான் சோற்றில் போட்டுச் சாப்பிட்டுப் பார்த்து அவருக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். பெட்டி வந்து சேருகிற நாளைத் தபால்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறார், அன்றைக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
உன் பசித்த சித்தப்பா,
வீரமுத்து